கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்: குடும்பத்தோடு எந்த வீதியால் போவது?

ஆடி, ஆவணி நெருங்கினால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. இந்த முறை கேட்டவள் பெரியம்மாவின் மகள். "தம்பி, இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டால் விடிய நல்லூரில நிக்கலாம்தானே? பிள்ளையளும் வானுக்குள்ள படுத்திடுவினம்." அவளோடு வருவது இரண்டு பிள்ளைகள், முழங்கால் நோவோடு பெரியம்மா, வெயில் பழக்கமில்லாத மருமகன். அவளுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அதே நிலையில் பல குடும்பங்கள் இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் போகவேண்டாம், பகலில் போங்கள். போகும்போது புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக ஏ9 வீதி. திரும்பும்போது பூநகரி வழியாக மன்னார், அங்கே ஓர் இரவு. திருகோணமலை வழி அழகானது, ஆனால் அதற்குத் தனியாக ஒரு விடுமுறை எடுங்கள்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாகனம் ஓடுகிறவர்களுக்கு இது நான்கு மணித்தியாலக் கணக்கு. இங்கே அப்படியில்லை. ஊருக்கு வெளியே காருக்கு 70, ஊருக்குள் 50 என்பதுதான் வேகக் கட்டுப்பாடு. ஏ9 நெடுகப் பொலிசார் நிற்பார்கள். நடுவில் சைக்கிள், லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்), மாடு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் உண்டு. பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் சாப்பாடு, ரொயிலற், நின்று எழும்புவது எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினொரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைத்து யாராவது சொன்னால் அவர் தனியாகப் போனவராக இருப்பார்.

முதலில் இரவுப் பயணத்தைப் பற்றி. அதை விரும்புவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. வெயில் இல்லை, நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் நெரிசல் இல்லை, ஒரு நாள் மிச்சம், ஒரு இரவு ஹோட்டல் காசும் மிச்சம். ஆனால் புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் நடுவில் வீதி வில்பத்துக் காட்டின் ஓரத்தால் போகிறது. இருட்டில் யானை வீதிக்கு ஏறினால் வெளிச்சத்தில் தெரிவதற்குள் கிட்டப் போய்விடுவோம். வவுனியா தாண்டினால் மாடு. இராத்திரிக் குளிருக்குத் தார் வீதியில் சூடு இருக்கும், அதில் வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு என்றால் கண்ணுக்கே படாது. இதையெல்லாம்விட எனக்குப் பயம் சாரதியின் நித்திரை. பகல் முழுக்க எயர்போர்ட் ஓட்டம் ஓடிவிட்டு இரவு உங்களை ஏற்ற வருகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கு மாங்குளத்தடியில் வீதி நேராக, ஆளரவம் இல்லாமல் கிடக்கும்; பின்னால் எல்லாரும் நித்திரை. அந்த நேரத்தில் அவரோடு கதைத்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடித்து வந்த உங்களில் யார் அதைச் செய்வீர்கள்?

மிச்சம் பிடிக்கிற அந்தக் காசை நீர்கொழும்பில் செலவழியுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் கொழும்புக்குள் போகவே தேவையில்லை, நீர்கொழும்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு இரவு அங்கே படுத்துவிட்டு விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் கொச்சிக்கடை, வென்னப்புவ, மாரவில எல்லாம் கடைகள் திறக்கு முன்னரே பின்னால் போய்விடும். காலைச் சாப்பாடு புத்தளத்தில், மத்தியானம் வவுனியாவில், பின்னேரம் நாலு நாலரைக்கு யாழ்ப்பாணத்தில். அறை பதியும்போது சாரதிக்கும் ஒரு கட்டில் கேட்டுப் பதியுங்கள். அவரை வானுக்குள் படுக்கவிட்டு அடுத்த நாள் முழுக்க ஓடச் சொல்வது சரியில்லை. உங்கள் பிள்ளைகளின் உயிர் அவர் கண்ணில்தான் இருக்கிறது.

இனி வீதிகள்.

ஏ9 என்பது உண்மையில் கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற 321 கிலோமீற்றர் வீதி. கண்டி வீதி என்றுதான் யாழ்ப்பாணத்தார் சொல்வார்கள். கொழும்பிலிருந்து போகிறவர்கள் புத்தளம், அநுராதபுரம் வந்து ரம்பாவையில் அதில் ஏறுவார்கள். குருநாகல், தம்புள்ள வழியாக வந்தும் ஏறலாம். மீரிகமவிலிருந்து குருநாகல் வரைக்கும் 2022 இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு அந்த வழியும் சுகமாகிவிட்டது. சீகிரியா பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்படி வரலாம். கண்டியைத் தொட்டு வரத்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் கடுகண்ணாவை வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் சத்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் அந்த நாள் அத்தோடு சரி.

புத்தள வழியில் ஒரு விஷயம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். பாலாவியிலும் புத்தளத்தைச் சுற்றியும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து குடியேறிய ஊர்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர்கள். நாங்கள் பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற பயணத்தில் அவர்கள் பட்டதையும் சொல்லாமல் போகக்கூடாது.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கிலோமீற்றர். இந்தத் துண்டுக்காகத்தான் போகும்போது ஏ9 என்கிறேன். ஓமந்தை என்ற பெயர்ப்பலகையை இன்று ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். 2002 இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தபோது ஒரு சோதனைச்சாவடியில் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தைக் கடந்து, அடுத்த சாவடியில் மறுபடி பொதி திறந்து காட்டிப் போன இடம் அது. அந்தப் பக்கம் முகமாலையில் இன்னொரு முறை அதே கதை. 2006 ஆகஸ்டில் அதையும் மூடினார்கள். அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து வந்தவர்களில் பெரியம்மாவும் ஒருவர். அவர் இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கனடாவில் இருந்து சொன்னால் கதை. ஓமந்தையில், வானுக்குள் இருந்து, "இந்த இடத்திலதான்" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது வேறு. ஆனால் அவராகச் சொல்ல வேண்டும். கேட்டுக் கேட்டுத் துருவாதீர்கள். சிலருக்கு அந்த வீதியில் பேசாமல் வருவதுதான் முடியும்.

மாங்குளம் கடந்ததும் முறிகண்டி. வீதியோரத்தில் சின்னப் பிள்ளையார் கோயில். சைவமோ, கிறிஸ்தவமோ, பௌத்தமோ, ஏ9 இல் ஓடுகிற சாரதிகள் அநேகமாக எல்லாரும் நிறுத்துவார்கள். நீங்களும் இறங்குங்கள். ஒரு தேங்காய் வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து உடைக்கவிடுங்கள். எதிரே வரிசையாகக் கச்சான் (வேர்க்கடலை) கடைகள். மணலில் போட்டு வறுத்த கச்சான், கோதோடு, கை சுடச்சுடப் பையில் அள்ளிப் போடுவார்கள். முதலில் ஒன்று உடைத்துத் தின்னத் தருவார்கள், பிடித்தால் வாங்கலாம். யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வெறுங்கையோடு போகாமல் இரண்டு பை கூட வாங்கிக்கொள்ளுங்கள். கிளிநொச்சி போகும்போது வானுக்குள் கச்சான் கோது நிறைந்திருக்கும், சாரதி ஒன்றும் சொல்லமாட்டார், அவருக்கு அது பழகிப்போன விஷயம்.

அடுத்தது ஆனையிறவு. இரண்டு பக்கமும் தண்ணீர், வெள்ளை வெளேரென்ற உப்பு நிலம், மேலே மறைப்பில்லாத வானம். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் சாய்த்துக்கொண்டு போன இடம், அதனால் அந்தப் பெயர். 1991 இலும் 2000 இலும் நடந்த சண்டைகளின் பெயராகத்தான் எங்கள் தலைமுறைக்கு அது பதிந்திருக்கிறது. வீதியோரத்தில் இராணுவ நினைவுச்சின்னம் இருக்கிறது, பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். அங்கே நிறுத்துவதா இல்லையா என்பதை உங்கள் வீட்டு மூத்தவரிடம் விட்டுவிடுங்கள். பறவை பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு நினைவுச்சின்னத்தைவிட அந்தக் கடல்நீரேரி போதும்.

பளைக்கும் முகமாலைக்கும் நடுவில் ஒரு எச்சரிக்கை. அவசரம் என்று பிள்ளைகளைப் பற்றைக்குள் விடாதீர்கள். முகமாலைப் பகுதியில் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிளிநொச்சியில் சாப்பாட்டுக் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் ரொயிலற் இருக்கும், எல்லாரும் அங்கேயே போய்விட்டு ஏறுங்கள். முழங்கால் நோவுள்ளவருக்கு இருந்து எழும்பக்கூடிய, கொமட் உள்ள ரொயிலற் வவுனியாவில் நல்ல உணவகங்களில் கிடைக்கும். பெரியம்மாவைப்போல ஆட்களோடு போகிறவர்களுக்கு ஏ9 வசதி என்று நான் சொல்ல இதுவும் பெரிய காரணம். மருத்துவமனையும் மருந்துக்கடையும் வவுனியா, கிளிநொச்சி, சாவகச்சேரி என்று நெடுக உண்டு.

பனை வரிசையாகத் தெரியத் தொடங்கினால் குடாநாட்டுக்குள் வந்துவிட்டீர்கள். கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ சந்தையில் நிறுத்தி மாம்பழம் வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்போது மன்னார் வழி. இதில் மன்னாரிலிருந்து நாவற்குழி வரைக்குமான துண்டுதான் வரைபடத்தில் ஏ32 என்று இருப்பது. மதவாச்சியில் ஏ9 ஐ விட்டு மேற்கே திரும்பி மன்னார், அங்கிருந்து வடக்கே விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, பூநகரி, பிறகு சங்குப்பிட்டிப் பாலம் ஏறி நாவற்குழி. மதவாச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் கணக்குப் பார்த்தால் ஏ9 ஐவிட ஒரு 30, 40 கிலோமீற்றர்தான் கூட. பலர் இதைச் சுற்றுப்பாதை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும்வரை கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவில் கடல்தான்.

இந்த வீதியில் நெரிசல் என்ற பேச்சே இல்லை. பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை போடுகிறவர்கள், காற்று. ஆனி முதல் ஆவணி வரை காற்று பலமாக வீசும், உயரமான வான் கொஞ்சம் ஆடும், மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பூநகரி தாண்டினால் வயல், பற்றைக்காடு, மாடு, மறுபடி வயல். கடை குறைவு. பெற்றோல் யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், தண்ணீரும் பணிஸும் ரோல்ஸும் வானுக்குள் இருக்கட்டும். வயதானவருக்குத் திடீரென்று முடியாமல் வந்தால் ஏ9 இல் போல உடனே ஒரு பட்டினம் வராது. போகும்போது, நேரவித்தியாசமும் களைப்பும் உள்ள முதல் நாளில், இந்த வழி வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். யாழ்ப்பாணத்தில் சில நாள் இருந்து உடம்பு தேறிய பிறகு இது மிகச் சுகமான பயணம்.

காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானப் பூசைக்கு முன்னரே திருக்கேதீச்சரம் போய்விடலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இலங்கையில் தேவாரப் பாடல் பெற்றவை இதுவும் திருக்கோணேச்சரமும்தான். பக்கத்திலேயே பாலாவித் தீர்த்தம். புத்தளத்துப் பாலாவி வேறு, குழம்பிவிடாதீர்கள். பெரியம்மாவுக்கு இந்த ஒரு இடத்துக்காகவே மன்னார் வழி போதும் என்று நினைக்கிறேன்.

பிறகு பாலம் கடந்து மன்னார்த் தீவு. பட்டினத்துக்குள் கழுதைகள் தம்பாட்டில் திரியும், பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். பள்ளிமுனையில் பெருக்கமரம் (பாவோபாப்) இருக்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லுவார்கள், அடி சுற்றளவு சுமார் 19 மீற்றர். நாலைந்து பிள்ளைகள் கை கோத்தாலும் பாதி சுற்றாது. 1560 இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டை பாலத்தடியிலேயே நிற்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு தலைமன்னார் இறங்குதுறைக்குப் போங்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அங்கே போன கப்பல், பிறகு 1984 வரை இராமேசுவரத்துக்குப் போன கப்பல், எல்லாம் இந்தத் துறையில்தான் நின்றது. எங்கள் தாத்தாமார் சிதம்பரத்துக்கும் மதராசுக்கும் போன வழி. போகிற வழியெங்கும் கரையில் பெரிய காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். பூநாரை பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அவை மழைக்காலத்தோடு, கார்த்திகைக்குப் பிறகு வருகிறவை. மார்கழி விடுமுறையில் வருகிறவர்களுக்கு வங்காலைப் பக்கம் அந்தக் காட்சி கிடைக்கும்.

அடுத்த நாள் மன்னாரிலிருந்து விடிய வெளிக்கிட்டு, கட்டுக்கரைக்குளத்தைக் கடந்து, மடு மாதாவைக் கும்பிட்டுவிட்டு மதவாச்சிக்கு வரலாம். மடுவுக்கு எல்லா இனத்தவரும் வருவார்கள், பெரிய மரங்களின் கீழ் அமைதியான இடம். வில்பத்துத் துண்டை வெயில் சாயுமுன் கடந்துவிடவேண்டும், அதுதான் அந்த நாளின் ஒரே கட்டாயம். கூகுள் மப் சிலவேளை மன்னாரிலிருந்து சிலாவத்துறை வழியாக நேராகப் புத்தளத்துக்கு ஒரு குறுக்குப் பாதை காட்டும். வில்பத்துப் பூங்காவுக்குள்ளால் போகிற பாதை அது, நீண்ட காலமாக வழக்கிலும் சர்ச்சையிலும் கிடப்பது. குடும்பப் பயணத்தில் அதைச் சேர்க்கவேண்டாம்.

திருகோணமலை வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குருநாகல், தம்புள்ள, ஹபரணை வழியாகத் திருமலை, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா, பிறகு ஏ9. மொத்தத்தில் 100 கிலோமீற்றரளவு கூடும். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல். வைகாசி முதல் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்கலாம். ஆனால் அங்கே இரண்டு இரவாவது தங்காமல் தொட்டுவிட்டு ஓடுவதில் பயனில்லை. இரண்டு கிழமைக்கு வருகிறவர்கள் இதையும் மன்னாரையும் சேர்த்துப் போட்டால் பிள்ளைகளுக்கு வானின் யன்னல் மட்டும்தான் நினைவில் நிற்கும். மூன்று, நான்கு கிழமை இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். கார்த்திகை, மார்கழி மழையில் இந்த வழியே வேண்டாம். அந்த மாதங்களில் கலா ஓயா பெருகினால் புத்தளம்–அநுராதபுரம் வீதியும் மூடப்படலாம், வெளிக்கிடு முன் விசாரியுங்கள்.

ரயிலைப் பற்றியும் கேட்டாள். முழங்கால் நோவுக்கு ரயில் நல்லதுதான், எழும்பி நடக்கலாம். ஆனால் விடுமுறைக்காலத்தில் ஐந்து ஆசனம் ஒன்றாகப் பதிவது லேசில்லை. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்ப ஏறவும் முடியாது. தனியாக வருகிற ஆளுக்கு ரயில், குடும்பத்துக்கு வான். வான் என்றால் பெரியம்மாவுக்கு முன் ஆசனம், ஏறி இறங்க ஒரு சின்ன ஸ்ரூல், பின்னால் பொதிகளுக்கு ஒரு வரிசை காலி. சாரதியோடு ஆறு பேருக்குப் பத்து ஆசன வான் பிடிப்பது வீண்செலவு இல்லை.

கடைசியாகத் திகதி. நல்லூர்க் கொடியேற்றம் தொடங்கினால் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். வான் வாடகையும் ஏறும். மடுவில் ஆகஸ்ட் 15 பெருவிழா, அதை ஒட்டிய நாட்களில் மன்னாரில் தங்க இடமும் இருக்காது, மதவாச்சி–மன்னார் வீதியும் நிறைந்திருக்கும். அக்கா, தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற எண்ணம் என்றால் அந்த ஆண்டின் நல்லூர்ப் பஞ்சாங்கத்தையும் மடு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முதலில் மன்னார் அறையைப் பதியுங்கோ. அது கிடைத்த பிறகு விமானச் சீட்டின் திகதியைப் போடலாம்.